ஜேக்கப் லாரன்ஸ்: ஓவியரா, படக்கதை போட்டவரா?

ஓரப்பார்வை | மார்ச் 3, இரவு 9.12

நேராகவே கேட்டுடறேன். அமெரிக்க நவீன ஓவியம் என்றால் ஜேக்கப் லாரன்ஸ் பெயரைச் சொல்லாமல் யாரும் நகர்வதில்லை. அவருடைய ‘இடப்பெயர்வு’ வரிசை 60 படத்தையும் திரையில் பார்த்து முடித்தாச்சு. தட்டை நிறம், பாதிப் பேருக்கு முகமே இல்லை, ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு வரி விளக்கம். பள்ளிக்கூடத்துச் சுவர்ப்படம் மாதிரி இருக்கு. சொன்ன விஷயம் பெரிசு, ஒத்துக்கிறேன். தெற்கில் இருந்து லட்சக்கணக்கான கறுப்பினத்தவர் வடக்கு நகரங்களுக்குப் போன கதை. ஆனால் அதில் ஓவியம் எங்கே?

கரித்துண்டு | மார்ச் 3, இரவு 10.40

செய்முறையைத் தெரிந்துகொண்டு பிறகு திட்டுங்கள்.

ஒவ்வொரு பலகையும் 18 அங்குலத்துக்கு 12 அங்குலம். சில நெட்டுவாக்கில், சில கிடைவாக்கில். கேன்வாஸ் கிடையாது, ஹார்ட்போர்டு, அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை. அதன் மேல் ஜெஸ்ஸோ, அதாவது சாக் பவுடரும் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு. சாயம் கேசின் டெம்பரா, பால்புரதப் பசையில் நிறத்தூளைக் குழைத்தது. 60 பலகைக்கும் முதலில் பென்சில் வரைவு முடிந்தது. அப்புறம் ஒரு நிறத்தை எடுத்து, அது எந்தெந்தப் பலகையில் எங்கெங்கே வரவேண்டுமோ அங்கெல்லாம் வைத்துக்கொண்டே போனார். அது தீர்ந்ததும் அடுத்த நிறம். அடர்ந்ததில் தொடங்கி வெளிறியதை நோக்கி. முதல் படம் முடிந்தது, இரண்டாவதை எடுப்போம் என்ற பேச்சே இல்லை. 60-ம் சேர்ந்தே வளர்ந்தன, சேர்ந்தே முடிந்தன.

இடம் நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழும் ஹார்லெம் பகுதி, மேற்கு 125-ஆம் தெரு, எண் 33. காலம் 1940-41. ஆளுக்கு வயது 23.

என் வாதம் இதுதான்: நீங்கள் பார்த்தது 60 படம் அல்ல, 60 துண்டாக இருக்கும் ஒரே படம். தட்டை நிறத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் இந்த முறையில் வேறு எந்த நிறம் சாத்தியம் என்று யோசியுங்கள்.

ஓரப்பார்வை | மார்ச் 3, இரவு 10.58

அப்படின்னா எண் போட்ட கலரிங் புத்தகம். 1 என்று எழுதின கட்டத்தில் சிவப்பு, 2-ல் நீலம். இது எனக்கு இன்னும் சாதகமாத்தான் இருக்கு.

மஞ்சக்கரு | மார்ச் 4, காலை 6.20

கலரிங் புத்தகத்தில் கோடு முதலில் இருக்கும், நிறம் அதற்கு அடிமை. இங்கே தலைகீழ். ஒரு நிறம் எந்தப் பலகையில் எவ்வளவு அகலம் வரணும் என்பது அறுபதுக்கும் சேர்த்து முன்கூட்டியே முடிவாகி இருக்கணும். கறுப்பு வைக்கும்போதே கடைசியில் வரப்போகும் மஞ்சளுக்கு எவ்வளவு இடம் விடுவது என்று தெரிந்திருக்கணும். 17-ஆம் பலகையில் மனசு மாறினால் 18 முதல் 60 வரை எல்லாம் ஆட்டம் காணும்.

கேசின் பற்றி, தெரியாதவர்களுக்கு. பாலைத் திரித்து எடுக்கும் புரதம்தான் பசை. தூளாகக் கிடைக்கும். வெறும் தண்ணீரில் கரையாது, காரம் ஏதாவது வேண்டும். வழக்கமான அளவு: கேசின் தூள் 40 கிராம், 125 மில்லி குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறணும். மறுநாள் 16 கிராம் போராக்ஸை 125 மில்லி வெந்நீரில் கரைத்து அதில் ஊற்றிக் கிண்டினால், கொஞ்ச நேரத்தில் தேன் பதத்துக்கு வரும். இதில் நிறத்தூளைக் குழைக்கணும். சில நாளில் கெட்டுவிடும், வாடையே சொல்லிவிடும். ஜாடியிலும் குழாயிலும் தயார் சாயமாக விற்பதும் 1930-களிலேயே அமெரிக்காவில் வந்தாச்சு.

இதன் குணம்: சில நிமிடத்தில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடும். காய்ந்தபின் பளபளப்பு இல்லாத மங்கலான பரப்பு. ஈரத்தில் ஒரு நிறத்தை இன்னொன்றில் இழைத்து நிழல் கொண்டுவர நேரம் கிடைக்காது. எண்ணெய்ச் சாயக்காரன் ஒரு கன்னத்தை நாள் முழுக்க இழைப்பான். கேசின்காரன் ‘இங்கே இது, அங்கே அது’ என்று வெட்டினாற்போல் முடிவு எடுத்தாகணும். தட்டை நிறம் தெரியாமல் வந்தது இல்லை. சாயத்தைத் தேர்ந்தெடுத்த அன்றே அதையும் தேர்ந்தெடுத்தாச்சு.

என்ன தப்பு நடக்கும்: கீழ்ப்பூச்சு முழுக்க இறுகுமுன் ஈரத் தூரிகையால் அழுத்தித் தேய்த்தால் அது கிளம்பி மேலே கலந்து சேறாகும். பசை குறைந்தால் விரலில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். பசை கூடினால், தடித்துப் பூசினால், காயும்போது இழுத்து வெடிக்கும். வளையும் பரப்பில் பூசினால் கட்டாயம் வெடிக்கும். ஹார்ட்போர்டு ஏன் என்பதற்கு அதுதான் பதில்.

தச்சுமேசை | மார்ச் 4, காலை 8.05

8-க்கு 4 அடி ஷீட்டில் 18×12 துண்டு: நீளத்தில் 5, அகலத்தில் 4. ஷீட்டுக்கு 20. மூன்று ஷீட், சரியாக 60.

தச்சுமேசை | மார்ச் 4, காலை 8.31

மேலே எழுதினதில் ரம்பத் தடத்தை விட்டுவிட்டேன். 48 அங்குலத்தை நாலாக்க மூன்று வெட்டு. வெட்டுக்கு 1/8 அங்குலம் தூளாகப் போனால் 3/8 போச்சு. ஒவ்வொரு துண்டும் 12-க்கு ஏறக்குறைய ஒரு நூல் (1/8 அங்குலம்) குறையும். நீளப் பக்கம் 6 அங்குலம் மிச்சம் இருப்பதால் கவலை இல்லை. அந்த மிச்சம் சாயம் சோதிக்கும் பட்டையாகும்.

(அவர் எந்த ஷீட்டில் வெட்டினார் என்று சொல்லவில்லை. கணக்கு மட்டும்.)

கரித்துண்டு | மார்ச் 4, மதியம் 1.15

ஹார்ட்போர்டு அப்போது புதுச் சரக்கு. மேசனைட் என்ற ஹார்ட்போர்டை வில்லியம் மேசன் மிசிசிப்பியின் லாரல் ஊரில் 1924-ல் கண்டுபிடித்தார், மரத்தூளையும் சில்லையும் நீராவியில் உடைத்து அழுத்திச் செய்தது. எந்த மாநிலங்களை விட்டு மக்கள் கிளம்பினார்கள் என்று படம் சொல்கிறதோ, அதில் ஒன்றில் பிறந்த பலகை. இதில் அர்த்தம் தேட வேண்டாம், மலிவு என்பதால்தான் வாங்கியிருப்பார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1940-ல் ஜூலியஸ் ரோசன்வால்ட் நிதியத்தின் உதவித்தொகை, 1,500 டாலர். அந்தப் பணத்தில்தான் அவருக்குத் தனி ஸ்டூடியோ கிடைத்தது. அதே கட்டடத்தில் ஓவியர் ரோமேர் பியர்டன், கவிஞர் கிளாட் மெக்கே இருந்தார்கள். பலகைக்கு ஜெஸ்ஸோ போடுவதிலும் விளக்க வரிகளைத் திருத்துவதிலும் கூட இருந்தவர் க்வெண்டலின் நைட். பார்படோஸில் பிறந்தவர், அவரும் ஓவியர். 1941 ஜூலையில் இருவருக்கும் திருமணம்.

ஓரப்பார்வை | மார்ச் 4, இரவு 8.47

சரி, தட்டை நிறத்தை விடுறேன். முகம்? 22-ஆம் பலகையில் மூணு பேர் முதுகு காட்டிக்கிட்டு நிக்கறாங்க. முகம் வரையத் தெரியாதவன் முதுகு வரைவான்.

கரித்துண்டு | மார்ச் 4, இரவு 9.30

22-ஐ எடுத்தது நல்லதாயிற்று. மூன்று ஆண்கள், கை பின்னால் விலங்கில். சின்னக் காரணத்துக்குக்கூடக் கைது செய்யப்படுவார்கள் என்பது அதன் விளக்கம். அங்கே முகத்தை வரைந்தால் அது மூன்று பேரின் கதையாகிவிடும். முதுகை வரைந்ததால் கண் நேரே விலங்குக்குப் போகிறது.

15-ஐப் பாருங்கள். கும்பல் கொலை பற்றியது. சடலம் இல்லை. ஒரு கிளை, ஒரு சுருக்குக் கயிறு, கீழே குறுகி உட்கார்ந்திருக்கும் ஓர் உருவம், மீதி எல்லாம் வெறுமை. வரையத் தெரியாததால் சடலத்தை விட்டார் என்று சொல்வீர்களா?

58-ல் மூன்று சிறுமிகள் கரும்பலகையில் எண் எழுதுகிறார்கள், அங்கேயும் முதுகுதான். 22-ம் 58-ம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே அமைப்பு, மூன்று முதுகு. ஒன்றில் கைகள் பின்னால் கட்டுண்டு இருக்கின்றன, மற்றொன்றில் மேலே நீள்கின்றன. சேர்ந்து வரைந்த வரிசையில் இப்படி எதிரொலி விழும். பல்லவி மாதிரி ரயில் நிலையமும் திரும்பத் திரும்ப வருகிறது. 1-ல் கூட்டம் சிகாகோ, நியூயார்க், செயின்ட் லூயிஸ் என்று எழுதிய வாயில்களுக்குள் முண்டியடிக்கிறது. 60-ல் கூட்டம் தண்டவாளத்தோரம் நம்மைப் பார்த்து நிற்கிறது. “வந்துகொண்டே இருந்தார்கள்” என்று முடியும்.

நூலகப்படி | மார்ச் 5, காலை 7.10

விளக்க வரிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எந்தப் பதிப்பு என்று குறிப்பிடவும். 1941-ல் எழுதியது ஒன்று, 1993-ல் லாரன்ஸே திருத்தியது இன்னொன்று. தலைப்பே மாறியது. முதலில் ‘நீக்ரோவின் இடப்பெயர்வு’. பின்னால் ‘இடப்பெயர்வு வரிசை’. பழைய சொல்லை ‘ஆப்பிரிக்க அமெரிக்கர்’ என்று மாற்றினார்கள். தமிழில் மொழிபெயர்க்கும் நண்பர்கள் இரண்டையும் கலந்து வைக்கிறார்கள். 1941 வாசகத்துக்கு 1993 சொல்லைப் போட்டால் காலம் குழம்பும்.

இன்னொன்று. இழையில் யாரும் சொல்லாததால்: அவர் இதை ஆராய்ச்சி செய்துதான் வரைந்தார். 135-ஆம் தெரு நூலகக் கிளையில், கறுப்பின வரலாற்று நூல்கள் அடங்கிய ஷாம்பர்க் சேகரிப்பில் உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுத்து, வரியை எழுதிய பிறகே படம். அவருடைய பெற்றோரே தெற்கிலிருந்து வந்தவர்கள். அப்பா சவுத் கரோலினா, அம்மா வர்ஜீனியா.

கரித்துண்டு | மார்ச் 5, காலை 9.00

சரியான திருத்தம். நான் மேலே மேற்கோளிட்ட 60-ன் வரியில் மாற வேண்டிய சொல் இல்லாததால் தப்பித்தேன்.

மஞ்சக்கரு | மார்ச் 5, மாலை 5.45

முகம், உருவம் பற்றி ஒன்று. சின்ன வயசு வேலையில் இதற்கு வேர் இருக்கு. 1917-ல் அட்லாண்டிக் சிட்டியில் பிறந்தார். பெற்றோர் பிரிந்த பிறகு பிலடெல்பியாவில் வளர்ப்பு இல்லங்கள். 13 வயசில் ஹார்லெமுக்கு, அம்மாவிடம். பள்ளி விட்டதும் யூட்டோப்பியா இல்லம் என்ற குழந்தைகள் மையம். அங்கே சொல்லிக்கொடுத்தவர் சார்லஸ் ஆல்ஸ்டன். பையன் காகிதக்கூழ் முகமூடி செய்வான், கட்டங்கட்டமாக வடிவம் நிரப்புவான். அட்டைப்பெட்டியை வெட்டி உள்பக்கம் மூன்று சுவரிலும் தெருக்காட்சி தீட்டுவான், குட்டி நாடக மேடை மாதிரி. வடிவக் கட்டம், முகமூடி, மேடை. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு இடப்பெயர்வுப் பலகைகளைப் பாருங்கள், மிச்சம் ஒன்றுமே தேவைப்படாது.

இன்னும் ஒன்று: ஹார்லெமில் இருந்து மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு அறுபது தெருவுக்கு மேல் நடந்தே போவார். அங்கே அவர் பார்த்தது தொடக்க கால இத்தாலிய ஓவியங்கள். பலகை, ஜெஸ்ஸோ, டெம்பரா, வரிசையாகச் சொல்லும் கதை. எல்லாம் அங்கேயே இருக்கு. ‘பள்ளிக்கூடச் சுவர்ப்படம்’ என்றால் அந்தக் கால இத்தாலிய ஓவியர் ஜோட்டோவையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

ஓரப்பார்வை | மார்ச் 5, இரவு 10.02

ஜோட்டோவை இழுத்தா நான் எங்கே போவேன். சரி, வேற கேள்வி. இதை யாராவது செஞ்சு பார்க்கணும்னா? அறுபது வேண்டாம், ஆறு பலகை. ஜெஸ்ஸோ கடையில் டப்பாவில் வருதே, அது போதுமா?

மஞ்சக்கரு | மார்ச் 6, காலை 6.05

டப்பாவில் வருவது அக்ரிலிக். 1950-களில்தான் அது சந்தைக்கே வந்தது, 1940-ல் கிடையாது. கேசினுக்கு அது ஓரளவு ஓடும். முட்டை டெம்பராவுக்குக் கூடவே கூடாது. பரப்பு உறிஞ்சாது, சாயம் மேலேயே உட்கார்ந்து உரிந்து வரும்.

முறைப்படி:

முயல் தோல் பசை 70 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். இரவு ஊறட்டும். மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்க, நேரே அடுப்பில் வைக்காதீங்க. கொதித்தால் பசையின் பிடிப்பு போய்விடும். இந்தப் பசைநீரைப் பலகையின் இரண்டு பக்கமும், விளிம்பிலும் ஒரு தடவை பூசிக் காயவைக்கணும். முன்பக்கம் மட்டும் பூசினால் பலகை அப்பளம் மாதிரி வளையும்.

அப்புறம் சூடான பசைநீர் ஒரு பங்குக்கு சாக் பவுடர் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு. தூளைப் பசைநீரில் தூவணும், தானாக நனைந்து இறங்கட்டும். வேகமாகக் கிண்டினால் காற்றுக் குமிழ் ஏறும், அது பலகையில் ஊசித்துளையாக நிற்கும். மெல்லிய துணியில் வடிகட்டுங்க. பதம் தோசை மாவைவிடத் தளர்வு. முதல் பூச்சை விரலால் தேய்த்து ஏற்றணும். அதற்குமேல் தூரிகையால் ஆறு முதல் எட்டுப் பூச்சு, ஒன்று நெடுக்கே, அடுத்தது குறுக்கே. முந்தினது தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போதே அடுத்தது. முழுக்கக் காய்ந்தபின் போட்டால் ஏடு ஏடாகப் பிரியும். கடைசியில் மெல்லிய உப்புத்தாள்.

முயல் பசை கிடைக்காவிட்டால் தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரம். அது நிறம் மங்கல், பிடிப்பு இறுக்கம், ஆகவே பசையைக் குறைத்துக்கொள்ளணும். வெடிப்பு விழுந்தால் பசை கூடிப்போச்சு. விரலில் தூள் வந்தால் குறைஞ்சுபோச்சு. தஞ்சாவூர்ப் படத்துப் பலகை தயாரிப்பவர்களிடம் கேட்டால் இதே இரண்டு வியாதியைச் சொல்வார்கள்.

தச்சுமேசை | மார்ச் 6, காலை 7.50

எண்ணெய் ஏற்றிய, கரும்பழுப்பான ஹார்ட்போர்டு வாங்காதீர்கள். நீர்ப்பசை ஒட்டாது. ஏற்றாததை வாங்கி, வழுவழுப்பான பக்கத்தை உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கவும். விளிம்பை மறக்க வேண்டாம், ஈரம் உள்ளே போவது அங்கிருந்துதான். மூலை ஊதிப்போனால் திரும்பச் சரியாகாது.

கரித்துண்டு | மார்ச் 6, இரவு 9.20

செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு கூடுதல் யோசனை. நிறங்களை எட்டுக்குள் நிறுத்துங்கள். ஒவ்வொரு நிறத்தையும் ஆறு பலகைக்கும் போதுமான அளவு ஒரே தடவையில் குழைத்துவிடுங்கள். பாதியில் தீர்ந்தால் இரண்டாவது கலவை அதே சாயலில் வராது. காய்ந்ததும் கேசின் ஒரு படி வெளிறும் என்பதால் ஈரத்தில் பொருந்தியது போலத் தெரிந்து ஏமாற்றும். லாரன்ஸ் நிறத்தைக் கலக்காமல், உள்ளபடியே வைத்ததன் நடைமுறைக் காரணம் இதுதான்: முதல் பலகையின் நீலம் அறுபதாவதிலும் அதே நீலமாக இருக்க வேண்டும்.

நூலகப்படி | மார்ச் 8, மதியம் 12.30

வரிசையின் பிற்கால வரலாறு, சுருக்கமாக. கறுப்பினச் சிந்தனையாளர் அலைன் லாக் வழியாக, கேலரி நடத்திய எடித் ஹால்பர்ட்டுக்குத் தெரியவந்தது. ஃபார்ச்சூன் இதழ் 1941 நவம்பரில் 26 பலகைகளை வண்ணத்தில் அச்சிட்டது. ஹால்பர்ட்டின் டவுன்டவுன் கேலரியில் காட்சிக்கு வந்தது. மற்ற கேலரிகளும் ஆளுக்கொரு கறுப்பின ஓவியரை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு இருந்தது. டிசம்பர் 7-ல் பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் தாக்குதல், அதோடு அந்தப் பேச்சு போயிற்று. லாரன்ஸை ஹால்பர்ட் விடவில்லை.

1942-ல் இரண்டு அருங்காட்சியகங்கள் வாங்கின. ஆளுக்கு 30, ஆளுக்கு 1,000 டாலர். ஒற்றைப்படை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு, இரட்டைப்படை வாஷிங்டனின் பிலிப்ஸ் கலெக்‌ஷனுக்கு.

கரித்துண்டு | மார்ச் 8, மதியம் 12.52

மாற்றிச் சொல்லிவிட்டீர்கள். ஒற்றை வாஷிங்டன், இரட்டை நியூயார்க். தலைநகரில் முதல் படம் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

நியூயார்க் பாதிக்குப் பணம் கொடுத்தவர் அடீல் ரோசன்வால்ட் லெவி, அதாவது உதவித்தொகை கொடுத்த அதே ஜூலியஸ் ரோசன்வால்டின் மகள். அப்பா பெயரில் இருந்த நிதியம் படம் வரைய வைத்தது, மகள் பாதியை வாங்கினார்.

நூலகப்படி | மார்ச் 8, மதியம் 1.04

ஆமாம், தலைகீழ். திருத்தியதாகக் கொள்ளவும்.

ஓரப்பார்வை | மார்ச் 8, இரவு 9.15

ஒரு நிமிஷம். ‘60 துண்டாக இருக்கும் ஒரே படம்’ என்றீங்க. ஒரே படத்தை யாராவது ஒற்றைப்படை இரட்டைப்படை என்று பிரிச்சு விப்பாங்களா? உங்க 22-ம் 58-ம் ஒரே ஊர்ல இருக்கு, இரட்டைப்படை. 15 வேற ஊர்ல. இதுக்கு ஓவியர் எப்படிச் சம்மதிச்சார்?

கரித்துண்டு | மார்ச் 9, காலை 10.10

நல்ல அடி. இரவு முழுக்க யோசித்தேன்.

இருவருக்குமே முழு வரிசை வேண்டும், ஒருவருக்குத்தான் கிடைக்கும். அந்த இழுபறிக்கு வந்த முடிவு இது. முதல் முப்பது ஒருவருக்கு, பின் முப்பது மற்றவருக்கு என்று பிரித்திருந்தால் ஒருவரிடம் தெற்கும் மற்றவரிடம் வடக்கும் போயிருக்கும். ஒன்றுவிட்டு ஒன்று எடுத்ததால் இரண்டு வீட்டிலும் கதை தொடக்கம் முதல் கடைசி வரை ஓடுகிறது, பல் இடைவெளியோடு. பிரிக்கத்தான் வேண்டும் என்றால் இதைவிடக் குறைந்த சேதம் இல்லை. பெரிய கண்காட்சிகளுக்கு இரு வீட்டாரும் சேர்த்து வைக்கிறார்கள். 2015-ல் நியூயார்க்கில், 2016-ல் வாஷிங்டனில் அறுபதும் ஒன்றாக நின்றன.

ஆனால் ‘ஒரே படம்’ என்று நான் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். ஒரே படம் என்றால் துண்டு தனியாக நிற்கக் கூடாது. 15 தனியாக நிற்கிறது. 31-ம் நிற்கிறது, கட்டடச் சுவரும் ஜன்னல்களுமே படம் முழுக்க, ஆள் இல்லாமல். 49-ல் உணவு விடுதிக்கு நடுவே வெள்ளையரையும் கறுப்பரையும் பிரிக்கும் மஞ்சள் வளைகோடு ஒன்று போதும். ஒரே உலையில் வெந்த அறுபது சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சக்கரு | மார்ச் 9, காலை 10.25

அறுபது சோறா? பசியோட எழுதறீங்க போல.

மஞ்சக்கரு | மார்ச் 11, காலை 6.40

எந்தப் பரப்பு என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு லாரன்ஸிடமே ஒரு கெட்ட உதாரணம் இருக்கு. இடப்பெயர்வு முடித்த கையோடு 1941-ல், அடிமைமுறையை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுன் பற்றிய வரிசை, 22 படம். இது பலகை இல்லை, காகிதத்தில் குவாஷ். குவாஷில் நிறத்தூள் அதிகம், பசை கொஞ்சம். தடிப்பாக வைத்தால் காய்ந்தபின் ஓடு மாதிரி ஆகும். காகிதம் ஈரப்பதத்துக்குத் தகுந்து நீளும், சுருங்கும். ஓடு நீளாது. ஆகவே உதிரும். அந்த வரிசை டெட்ராய்ட் கலைக்கழகத்திடம் போய்ச் சேர்ந்து, காட்சிக்கு வைக்க முடியாத அளவுக்கு நலிந்தது. 1974-ல் கழகமே அவரிடம் கேட்டு, 22-ஐயும் பட்டுத்திரை அச்சாகச் செய்ய ஏற்பாடு செய்தது. 1977-ல் அச்சு முடிந்தது. இப்போது நாம் பெரும்பாலும் பார்ப்பது அந்த அச்சுகளைத்தான்.

நூலகப்படி | மார்ச் 11, காலை 9.15

மற்ற வரிசைகளையும் பதிந்துவைக்கிறேன். ஹைட்டிப் புரட்சித் தலைவர் டூசான் லூவர்த்யூர், 41 படம், 1938, காகிதம், இப்போது நியூ ஆர்லியன்ஸில். அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய ஃபிரடெரிக் டக்ளஸ் 32, ஹாரியட் டப்மன் 31, இரண்டும் ஹார்ட்போர்டில் கேசின், ஹாம்ப்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில். டூசான் வரிசைக்கு 1939-ல் பால்டிமோர் அருங்காட்சியகம் ஒரு தனி அறையையே ஒதுக்கியது, ஓவியருக்கு அப்போது 21 வயது. 1938-ல் அரசின் கலைத்திட்டத்தில் வாரம் 23.86 டாலர் சம்பளத்துக்குச் சேர்ந்தார். முந்தின வருடம் வயது போதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 21 ஆனதும் சிற்பி அகஸ்டா சாவேஜ் மறுபடி அழைத்துப்போய்ச் சேர்த்துவிட்டார்.

ஓரப்பார்வை | மார்ச் 12, இரவு 11.20

கப்பல்ல வேலை பார்த்தார்னு எங்கேயோ படிச்சேன், நிஜமா?

கரித்துண்டு | மார்ச் 13, காலை 7.30

1943 அக்டோபரில் கடலோரக் காவல்படையில் சேர்க்கப்பட்டார். கறுப்பினத்தவருக்கு அப்போது கிடைத்த பதவி எடுபிடி உதவியாளர்தான். பிறகு சீ கிளவுட் என்ற கப்பல். கார்ல்டன் ஸ்கின்னர் என்ற அதிகாரி அதில் வெள்ளை, கறுப்பு மாலுமிகளை ஒன்றாக வேலை செய்ய வைத்தார். அங்கே லாரன்ஸுக்கு ஓவியம் வரைவதே வேலையானது. போர்க்காலத்துக்கு முன் அது ஒரு கோடீஸ்வரியின் உல்லாசப் படகு, 1931-ல் ஜெர்மனியின் கீல் நகரில் கட்டியது. இன்றும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பாய்விரிக்கிறது. கப்பல் இருக்கிறது, அவர் அந்த நாட்களில் வரைந்த படங்களில் பெரும்பாலானவை இல்லை.

திரும்பி வந்து 1946-47-ல் வரைந்தது போர் வரிசை, 14 பலகை, விட்னி அருங்காட்சியகத்தில். இதில் சாயம் மாறுகிறது. கேசின் இல்லை, முட்டை டெம்பரா.

மஞ்சக்கரு | மார்ச் 13, மாலை 6.10

இந்தப் பெயரை வைத்துக்கொண்டு இதில் வாய் திறக்காமல் இருக்க முடியாது.

மஞ்சள் கருவை வெள்ளை போக உள்ளங்கை மாற்றி மாற்றி உருட்டி, தாளில் ஒற்றி, தோலைப் பிடித்துத் தூக்கி, கீழே குத்தினால் கரு மட்டும் சொட்டும். தோல் உள்ளே விழக்கூடாது, விழுந்தால் தூரிகையில் நூல் நூலாக வரும். கருவுக்குச் சம அளவு தண்ணீர். நிறத்தூளைத் தனியாகத் தண்ணீரில் அரைத்த விழுதாக வைத்திருந்து, வேண்டும்போது விழுதும் கருவும் சமமாகக் கலக்கணும். சோதனை: கண்ணாடியில் ஒரு கோடு, காய்ந்தபின் கத்தியால் சுரண்டு. ஏடாகச் சுருண்டு வந்தால் சரி. தூளாக உதிர்ந்தால் கரு போதாது. பிசுபிசுப்பும் மினுமினுப்பும் இருந்தால் கூடிப்போச்சு. கெடாமல் இருக்க வினிகர் சொட்டு விடுவார்கள், அல்ட்ராமரீன் நீலத்தில் மட்டும் வேண்டாம், புளிப்பு பட்டால் அந்த நீலம் செத்துவிடும்.

கேசின் அகலமாகப் பரவும், மூடும். முட்டையை அப்படிப் பரப்ப முடியாது, மெல்லிய கீற்றுகளாக அடுக்கணும், கீழ் நிறம் மேல் நிறத்தின் வழியாகத் தெரியும். 1950-களில் அவருடைய படங்கள் கூர்கூராக, கத்திமுனை மாதிரி உடைந்த வடிவங்களாக மாறியதில் இந்தச் சாயத்துக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

கரித்துண்டு | மார்ச் 14, இரவு 8.40

அந்த உடைந்த வடிவங்களின் உச்சம் ‘போராட்டம்’ வரிசை, 1954-56. அமெரிக்க மக்களின் வரலாறு, 60 திட்டமிட்டு 30-ல் நின்றது. 12-க்கு 16 அங்குலம், முட்டை டெம்பரா, ஹார்ட்போர்டு. எந்த அருங்காட்சியகமும் முழுதாக வாங்கவில்லை. ஒரு தனிச் சேகரிப்பாளர் வாங்கினார், பிறகு துண்டு துண்டாக விற்றார்.

2020-ல் பீபடி எசெக்ஸ் அருங்காட்சியகம் தேடிச் சேர்த்து ஊர் ஊராகக் காட்டியபோது ஐந்து பலகை எங்கே என்றே தெரியவில்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் வைத்திருந்தபோது பார்க்க வந்த ஒருவர், அண்டை வீட்டுச் சுவரில் இதில் ஒன்று தொங்குகிறதே என்று சொல்லி 16-ஆம் பலகை அகப்பட்டது, ஷேஸ் கலகம் என்ற விவசாயிகள் எழுச்சி பற்றியது. 2021-ல் 28-ம் வந்தது, குடியேறிகள் பற்றியது. 14, 20, 29 அப்போது சிக்கவில்லை.

ஓரப்பார்வைக்கு: நான் தளர்த்திய வாதத்தை இங்கே திரும்ப இறுக்குகிறேன். இடப்பெயர்வு பிரிந்தும் பிழைத்தது, எண்ணும் வரிசையும் இரண்டு கதவுக்குள் இருந்ததால். போராட்டம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கண்ணில் படாமலே போனது, தனித்தனியாக அழகான பலகைகளாகத் தொங்கிக்கொண்டிருந்தும்.

ஓரப்பார்வை | மார்ச் 14, இரவு 9.33

பக்கத்து வீட்டுச் சுவரில்! அதைப் படக்கதைன்னு நினைச்சு மாட்டியிருப்பாங்க, என்னை மாதிரி.

சியாட்டில் காலம் பற்றி யாரும் எழுதலையே?

நூலகப்படி | மார்ச் 15, காலை 7.00

1971 முதல் 1986 வரை சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். கடைசிவரை அந்த ஊர்தான், 2000 ஜூனில் மறைவு. அந்தக் காலத்தின் பெரிய பொருள் ‘கட்டுகிறவர்கள்’: தச்சர்கள், இழைப்புளி, ரம்பம், மரத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸ். கைக்கருவிகளைச் சேர்த்தும் வைத்திருந்தார். அந்தப் பொருளை 1947-லேயே தொட்டுவிட்டார். அந்த ஆண்டுப் படம் ஒன்றை 2007-ல் வெள்ளை மாளிகைக்காக 25 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர் சுரங்க ரயில் நிலையத்தில் கண்ணாடி மொசைக் ஒன்று உண்டு, அவர் இறந்த பிறகு 2001-ல் பதித்தது.

ஓரப்பார்வை | மார்ச் 16, இரவு 8.20

ஆறு பலகைக்கு ஆரம்பிக்கப்போறேன். போராட்டம் அளவில், 12×16. முட்டை. தச்சுமேசை, ஷீட் கணக்கு சொல்லுங்க.

தச்சுமேசை | மார்ச் 17, காலை 7.45

நீளத்தில் 6, அகலத்தில் 4, ஷீட்டுக்கு 24. இதில் நீளப் பக்கமும் மிச்சம் இல்லை, இரண்டு பக்கமும் ரம்பத் தடம் தின்னும். அளவு சுத்தமாக வேண்டும் என்றால் 5-க்கு 3 வைத்து 15 தான். ஆறுக்கு அரை ஷீட் போதும். முப்பதும் போடுவதாக இருந்தால் இரண்டு ஷீட், 5-க்கு 3 வைத்துச் சரியாக முப்பது, ஓரம் மிஞ்சும். ஜெஸ்ஸோவுக்கு முன் துண்டுகளை ஒரு வாரம் அறையில் கிடத்தி வைக்கவும்.